யோபு 8:7-இல் நின்றுவிட்டேன். ஒரு வசனத்தை ஆழமாகப் படிப்பது எப்படி?

மாலைவாசகி

எல்லாருக்கும் வணக்கம். நான் தினமும் ஒரு வசனம் வாசிக்கிறவள். ஆனால் வேதத்தை ஆழமாகப் படித்தவள் இல்லை. புதிய வேலை தொடங்கிய வருடம் ஒரு தோழி எனக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுத்தாள். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. ஆறு வருடமாக அது என் மேசைமேல் இருக்கிறது. சோர்ந்துபோன நாட்களில் அதைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறேன்.

போன மாதம், இந்த வசனம் இருக்கிற புத்தகத்தையே முழுதாகப் படித்துவிடலாம் என்று யோபுவைத் திறந்தேன். எட்டாம் அதிகாரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். இதைச் சொல்கிறது கர்த்தர் இல்லை, யோபுவும் இல்லை. பில்தாத் என்கிற நண்பர். மூன்று வசனம் முன்னால், 8:4-இல், யோபுவின் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்கிற மாதிரி பேசுகிறார். பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம்! கடைசியில் 42:7-இல் கர்த்தரே அந்த நண்பர்களைப் பார்த்து, என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்று கோபப்படுகிறார்.

இப்போது அந்த அட்டையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆறு வருடம் தவறான ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேனா? அட்டையை எடுத்துவிடவா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு வசனத்தை ஆழமாகப் படிக்க எங்கே தொடங்க வேண்டும்? ஒரு ஸ்டடி பைபிள் வாங்கினேன். பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. வசனத்தைவிட அதைப் படிக்கத்தான் நேரம் போகிறது. எபிரெயு, கிரேக்கம் எதுவும் எனக்குத் தெரியாது.

பழைய ஏடு

சகோதரி, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். "இதை யார் சொல்கிறார்?" என்று பார்த்தீர்களே, வேதபாடத்தின் முதல் கேள்வியே அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைச் செய்திருக்கிறீர்கள். அந்த அட்டையைப் பற்றி இன்றே முடிவெடுக்க வேண்டாம். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். முதலில் வேறு ஒரு வசனத்தில் பழகுங்கள், பிறகு யோபுவுக்கு வாருங்கள்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வசன எண்கள் வேதம் எழுதப்பட்ட காலத்தில் கிடையாது. நாம் இன்று பார்க்கிற அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர் போட்டவை. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது "4:13" என்று ஒன்றை எழுதவில்லை. ஒரு கடிதம் எழுதினார், அவ்வளவுதான். எண் நமக்கு இடம் தேட உதவும். ஆனால் எண் போட்ட இடத்தில் பேச்சு முடிந்துவிட்டது என்ற எண்ணத்தையும் அதுவே கொடுத்துவிடுகிறது.

அதனால் ஒரு வசனத்தை எடுத்தால் அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள், முந்தின அதிகாரத்தையும் சேர்த்து. அடிக்குறிப்பைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், என்ன நடந்த பிறகு? இந்த மூன்றுக்கும் பதிலை நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் மறுபடி அந்த வசனத்துக்கு வாருங்கள்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். அட்டைகளில் அதிகம் வரும் இன்னொரு வசனம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தால் அது ஒரு கடிதம் என்று தெரியும். எருசலேமிலிருந்து எரேமியா அனுப்புகிறார், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. எகொனியா ராஜா கொண்டுபோகப்பட்ட பிறகு, அதாவது கி.மு. 597-க்குப் பிறகு. இப்போது முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறார். கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறது. 29:10-இல் எழுபது வருடம் என்று வருகிறது. அதற்கு அடுத்த வரிதான் அட்டைகளில் வருகிற அந்த வசனம்.

அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரப்போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரலாம். அவர்களிடம்தான் கர்த்தர், உங்களைப்பற்றி நான் நினைக்கிற நினைவுகளை அறிவேன் என்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வசனம் எனக்குச் சிறியதாகிவிடவில்லை. முன்பு ஒரு நல்ல காரியம் சீக்கிரம் நடக்கும் என்பதற்காக அதைச் சொல்லுவேன். இப்போது நடக்காத வருடங்களிலும் சொல்ல முடிகிறது.

ஒலிவ இலை

ஒன்று சொல்லட்டுமா, தப்பாக நினைக்காதீர்கள். ஜெபம் இல்லாமல் இப்படி அலசிக்கொண்டே போனால் வசனம் வெறும் பாடமாகிவிடும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் எந்தக் காலத்தில், யாருக்கு என்று கேட்டதில்லை. வாசித்தார்கள், அழுதார்கள், அதன்படி நடந்தார்கள். மாலைவாசகி அக்காவை அந்த வசனம் ஆறு வருடம் தாங்கியிருக்கிறது. அதைக் கர்த்தர் பயன்படுத்தவில்லை என்று யார் சொல்ல முடியும்?

பழைய ஏடு

நான் சொல்லமாட்டேன், தம்பி. கர்த்தர் அதைப் பயன்படுத்தினார் என்றே நம்புகிறேன்.

ஆனால் ஜெபத்தையும் படிப்பையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். சங்கீதம் 119:18-ஐப் பாருங்கள். வேதத்திலுள்ள அதிசயங்களைப் பார்க்கும்படி என் கண்களைத் திறந்தருளும் என்று கேட்கிறது. கண்ணைத் திறக்கச் சொல்லி ஜெபித்துவிட்டு, திறந்த கண்ணால் பக்கத்தைப் பார்க்காமல் இருக்கலாமா? இன்னொன்று, அந்தச் சங்கீதமே எவ்வளவு உழைப்பு! எபிரெயு எழுத்துகள் 22. எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. ஒவ்வொரு எட்டும் அந்தந்த எழுத்தில் தொடங்கும். நம் அந்தாதி, எழுத்துவருக்கம் பாடினவர்களுக்கு இதன் சிரமம் புரியும். வேத வசனத்தின்மேல் இத்தனை ஆசை வைத்த ஒருவர், ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைத்துத்தான் ஜெபித்திருக்கிறார்.

ஒலிவ இலை

சரி அண்ணா, அப்படிப் பார்த்தால் ஒத்துக்கொள்கிறேன். என் பயம் எல்லாம், படிப்பு தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வேதம் என்று ஆகிவிடக்கூடாது என்பதுதான்.

எழுத்தாணி

மூல மொழி தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம் மாலைவாசகி. ஸ்ட்ராங் எண்கள் என்று ஒரு வசதி இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியிலிருந்து வந்தது. மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இப்போது செயலிகளில் சொல்லைத் தொட்டாலே எண் வரும். உதாரணத்துக்கு யோவான் 21. இயேசு பேதுருவிடம், என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்கிறார். முதல் இரண்டு தரம் கிரேக்கத்தில் அகபாவோ. அது தெய்வீக அன்பு. பேதுருவின் பதில் ஃபிலேயோ, வெறும் நட்பு. மூன்றாம் தரம் இயேசுவே ஃபிலேயோவுக்கு இறங்கி வருகிறார். கிரேக்கம் பார்த்தால்தான் இது கிடைக்கும்.

நதியோரம்

எழுத்தாணி சார், இரண்டு இடத்தில் உங்களோடு மாறுபடுகிறேன்.

முதலில், அந்த வேறுபாடு தமிழிலேயே இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள். இயேசு "அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார், பேதுரு "நேசிக்கிறேன்" என்கிறார். மூன்றாந்தரம் இயேசுவும் "நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். மொழிபெயர்த்தவர்கள் இரண்டு கிரேக்கச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல்லை வைத்து, கடைசிவரை அதை மாற்றாமல் காத்திருக்கிறார்கள். நாம்தான் வேகமாக வாசித்துவிட்டுப் போகிறோம்.

அடுத்தது, ஒன்று தெய்வீக அன்பு, ஒன்று வெறும் நட்பு என்று பிரிப்பது. இதே யோவான் சுவிசேஷத்தில் 3:35, பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார், அங்கே அகபாவோ. 5:20, அதே பிதா, அதே குமாரன், அங்கே ஃபிலேயோ. பிதா குமாரன்மேல் வைத்தது வெறும் நட்பு என்று சொல்லுவோமா? யோவான் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர். அதே 21-ஆம் அதிகாரத்தில் ஆடுகளுக்கும் மேய்ப்பதற்கும்கூடச் சொல் மாறுகிறது. பேதுரு துக்கப்பட்டது ஏன் என்று 21:17 நேராகவே சொல்கிறது: மூன்றாந்தரமும் கேட்டதால். தன்னைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவனிடம் மூன்று தரம் கேட்கிறார். கனம் முழுக்க அங்கே இருக்கிறது. அதைப் பார்க்க எந்த எண்ணும் வேண்டாம், மூன்று அதிகாரம் பின்னால் போனால் போதும்.

அகராதியை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே அதைக் கையில் எடுத்தால், ஒரு சொல்லுக்குள் இருக்கிற எல்லா அர்த்தத்தையும் ஒரே வசனத்துக்குள் திணிக்கத் தோன்றும். எனக்கு அது நடந்தது. ரோமர் 1:16-இல் "தேவபெலன்" என்கிற இடத்தில் கிரேக்கச் சொல் டுனாமிஸ், டைனமைட் என்ற சொல் அதிலிருந்து வந்தது, ஆகவே சுவிசேஷம் வெடிமருந்து மாதிரி என்று ஒரு கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்குப் பெயர் வைத்தது 1867-இல். பவுல் மனதில் வெடிமருந்து எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு என் பேச்சைக் கேட்டவர்களிடம் இன்றுவரை திருத்திச் சொல்ல முடியவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

எழுத்தாணி

5:20-ஐ நான் ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை. இப்போதுதான் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். இனிமேல் 5:20-ஐயும் சேர்த்துத்தான் சொல்லுவேன்.

மாலைவாசகி

அப்படியானால் மொழி தெரியாத நான் சொற்களை எப்படித்தான் பார்ப்பது? பார்க்காமலே விடவும் மனம் வரவில்லை.

நதியோரம்

இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அது போதும். ஒன்று நாம் பழகின பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உழைத்து 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. இன்னொன்று 1995-இல் வந்த திருவிவிலியம், அதன் நடை இன்றைய தமிழ்.

23-ஆம் சங்கீதத்தில் மூன்றாம் வசனத்தையும் நான்காம் வசனத்தையும் எடுங்கள். பழையதில் 3-இல் "என் ஆத்துமாவைத் தேற்றி", 4-இல் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்". இரண்டும் தேற்றுதல். இப்போது திருவிவிலியத்தைப் பாருங்கள். 3-இல் "எனக்குப் புத்துயிர் அளிப்பார்", 4-இல் "என்னைத் தேற்றும்". ஒன்றில் ஒரே சொல், மற்றதில் இரண்டு சொல். அப்படி வந்தால் அந்த இடத்தில் விரலை வைத்து நின்றுவிடுங்கள். மூலத்தில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில்தான் ஸ்ட்ராங் எண்ணைப் பார்க்க வேண்டும். எபிரெயுவில் 3-இல் இருப்பது திரும்பக் கொண்டுவருதல் என்ற சொல். 4-இல் இருப்பது துக்கத்தில் இருப்பவனுக்கு ஆறுதல் சொல்லுதல். ஓய்ந்துபோன உயிரை மீட்டுக்கொண்டு வருவது ஒன்று, பயப்படுகிறவன் பக்கத்தில் நின்று தேற்றுவது இன்னொன்று. நம் தமிழில் தேறுதல் என்றால் நோயிலிருந்து தேறுவதும் உண்டு, துக்கத்திலிருந்து தேறுவதும் உண்டு. அதனால்தான் பழைய மொழிபெயர்ப்பில் ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தியிருக்கிறது. நல்ல தெரிவுதான், ஆனால் நாம் இரண்டையும் ஒன்றாக வாசித்துவிடுகிறோம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு பெரிய உதவி உண்டு. ஆங்கிலத்தில் ஒருவரானாலும் பலரானாலும் இன்று ஒரே சொல்தான். நமக்கு நீ வேறு, நீங்கள் வேறு. லூக்கா 22:31-ஐயும் 32-ஐயும் மெதுவாக வாசியுங்கள். சீமோனே, சீமோனே என்று ஒருவனைக் கூப்பிட்டுவிட்டு, சாத்தான் "உங்களைப்" புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டான் என்கிறார். அது எல்லாருக்கும். உடனே, நானோ "உன்" விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு "உனக்காக" வேண்டிக்கொண்டேன். சோதனை எல்லாருக்கும் வருகிறது, இந்த ஜெபம் அவன் பேரைச் சொல்லி. அந்த ஒரு விகுதி மாறுகிற இடத்தில் நான் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன்.

அகல்விளக்கு

நானும் ஒரு வருடம் முன்புதான் தொடங்கினேன். எனக்கு உதவினது, வசனத்தைக் கையால் எழுதுவது. கணினியில் இல்லை, பேனாவில். எழுதும்போதுதான் "ஏனெனில்", "ஆகையால்", "ஆனாலும்" எல்லாம் கண்ணில் படுகிறது. அவற்றைச் சுற்றி வட்டம் போடுவேன். ரோமர் 12:1 "அப்படியிருக்க" என்று தொடங்குகிறது. எப்படியிருக்க? அதைத் தேடிப்போய் 11-ஆம் அதிகாரம் முழுக்கப் படிக்க வேண்டியதாகிவிட்டது.

பழைய ஏடு

சரி, இப்போது யோபுவுக்கு வருவோம். சகோதரியின் முதல் கேள்வி அதுதானே.

பில்தாத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். இந்த மூன்று நண்பர்களும் வந்தவுடன் என்ன செய்தார்கள் என்று 2:13 சொல்கிறது. ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசாத வரைக்கும் நல்ல நண்பர்கள்தான். அப்புறம், அவர்கள் சொன்ன எல்லாமே பொய்யும் இல்லை. அவர்களில் ஒருவரான எலிப்பாஸ், யோபு 5:13-இல் சொன்னதைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவாக்கியமாகவே மேற்கோள் காட்டுகிறார். ஆகவே "நண்பர் சொன்னது, எனவே தப்பு" என்ற சுருக்குவழி இந்தப் புத்தகத்தில் வேலை செய்யாது.

அப்படியானால் தப்பு எங்கே? 8:6-ஐப் பாருங்கள். "சுத்தமும் செம்மையுமாய் இருந்தீரேயானால்" என்று ஒரு நிபந்தனை. நீர் சுத்தமாயிருந்தால் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிறார் பில்தாத். இப்போது முதல் அதிகாரம், முதல் வசனத்துக்குப் போங்கள். யோபு உத்தமனும் சன்மார்க்கனுமாயிருந்தான் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பில்தாத் வைத்த நிபந்தனையை யோபு துன்பம் வருவதற்கு முன்பே நிறைவேற்றியிருக்கிறார். ஆனாலும் துன்பம் வந்தது. பில்தாத்தின் கணக்கில் இதற்கு இடமே இல்லை. நல்லவனுக்கு நல்லது, கெட்டவனுக்குக் கெட்டது, ஆகவே உன் பிள்ளைகள் செத்தார்கள் என்றால்... அந்தக் கணக்குதான் 8:4-ஐயும் பேச வைத்தது, 8:7-ஐயும் பேச வைத்தது. ஒரே வாயிலிருந்து, ஒரே காரணத்தினால்.

ஒலிவ இலை

ஆனால் அண்ணா, 42:12-இல் யோபுவின் பின்னிலைமையை முன்னிலைமையைவிடக் கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று வருகிறதே. பில்தாத் சொன்னது நடந்ததே!

பழைய ஏடு

நல்ல கேள்வி தம்பி. நடந்தது. ஆனால் எந்த வழியாக நடந்தது என்று 42:10-இல் பாருங்கள். யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது கர்த்தர் அவன் சிறையிருப்பை, அதாவது அவன் துன்ப நிலையை, மாற்றினார். அந்தச் சிநேகிதரில் பில்தாத்தும் ஒருவர். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள் என்று சொன்னவருக்காக, அந்தப் பிள்ளைகளின் தகப்பன் ஜெபிக்கிறான். பில்தாத் சொன்ன முடிவு வந்தது, பில்தாத்துக்கும் அதில் மன்னிப்புக் கிடைத்தது. அவர் போட்ட கணக்கு மட்டும் பொய்யானது.

ஆகவே, அட்டையை எடுப்பதா வைப்பதா என்று நான் சொல்லமாட்டேன். இத்தனையும் தெரிந்த பிறகு அந்த வசனத்தை உங்களால் எப்படி வாசிக்க முடிகிறது என்று எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

எழுத்தாணி

42:10-ஐயும் 8:4-ஐயும் சேர்த்து நான் ஒருநாளும் வாசித்ததில்லை. நன்றி ஐயா.

மாலைவாசகி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அட்டையை எடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "பில்தாத் சொன்னது. 8:4-ஐயும் படி. 42:10." முன்பக்கத்தை இப்போதும் பார்க்கிறேன். முன்பு அதில் என் வேலை மட்டும்தான் தெரியும். இப்போது என்னைப் புண்படுத்தின ஒருவர் முகமும் கூடவே வருகிறது. அவருக்காக இதுவரை ஜெபித்ததில்லை. இப்போது முயற்சி செய்கிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

அகல்விளக்கு சொன்னபடி 23-ஆம் சங்கீதத்தைக் கையால் எழுதினேன். ஆறே வசனம், ஐந்து நாள் ஆனது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம். ஆனால் எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். முதல் மூன்று வசனத்தில் "அவர்". அவர் மேய்த்து, அவர் தேற்றி, நடத்துகிறார். நான்காவது வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த உடனே "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்". அதிலிருந்து "உமது", "நீர்". புல்லும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார். பள்ளத்தாக்கில் கர்த்தரோடு பேசுகிறார். முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இது தெரியவில்லையே! எழுதிய நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இது சரிதானா, அல்லது நான் அதிகமாகப் பார்க்கிறேனா?

ஆறாம் வசனத்தில் "நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும்" என்பதும் புரியவில்லை. இத்தனை நேரம் மேய்ப்பர் முன்னால் போகிறார் என்று நினைத்தேன். பின்னால் தொடருவது எதற்கு?

நதியோரம்

நீங்கள் அதிகமாகப் பார்க்கவில்லை. அவர், நீர் என்ற மாற்றம் எபிரெயுவிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

"தொடரும்" என்பதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ஒரு வழி காட்டுகிறேன். அதே எபிரெயுச் சொல் சங்கீதம் 7:5-இலும் வருகிறது. அங்கே யார் யாரைத் தொடருகிறார் என்று பாருங்கள். பிறகு 23:5-க்கு வந்து, அந்தப் பந்தி யாருக்கு முன்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு அடுத்த வரிதான் நீங்கள் கேட்டது.

மாலைவாசகி

7:5-இல் தொடருகிறவன் பகைஞன். 23:5-இல் சத்துருக்களுக்கு முன்பாக பந்தி.

அப்படியானால் அடுத்த வரியில், சத்துரு துரத்திக்கொண்டு வர வேண்டிய இடத்தில், பின்னாலேயே துரத்திக்கொண்டு வருவது நன்மையும் கிருபையும்!

7-ஆம் சங்கீதத்தை முழுவதும் எழுதத் தொடங்குகிறேன். பதினேழு வசனம் இருக்கிறது.